குட்டைக் கரையில் நீரளக்கும் கருவி

நெருப்பெரிச்சலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஆதியில் புன்செய்ப் பிரதேசமாகும். வானம் பார்த்த காடுகளில் சோளமும் கம்பும், கவலை இறைத்த தோட்டங்கால்களில் பருத்தியும் விளைந்து வந்தன. 2011-ஆம் வருஷத்தில் இவ்வூர் திருப்பூர் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. பனியன் கம்பெனிகளும் பெருகின. எனினும் கிணற்றை நம்பிப் பயிரிடும் குடியானவர்கள் இப்பக்கத்தில் இன்னும் இருக்கின்றனர். குட்டையில் நீர் நின்றால்தான் கிணற்றில் ஊற்று என்பது அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமன்று.

இக்காரணம் பற்றியே அறுபது வருஷங்களுக்கு மேலாகக் கோரப்பட்டு வந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்திற்கு 2019-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது; 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி அது தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வழிந்தோடும் உபரி நீரை, பவானி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் ஆகிய ஆறு நிலையங்களில் பம்பு வைத்துப் படிப்படியாக மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் ஜில்லாக்களிலுள்ள 1045 நீர்நிலைகளை நிரப்புவது இதன் நோக்கம். இவற்றுள் 971 சிறு குட்டைகளே. வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்களுக்கு, மொத்தம் ஒன்றரை டி.எம்.ஸி. நீர் என்பது ஏற்பாடு.

கேட்பதற்கு இது பெருந்தொகையாகத் தோன்றும். 1045-ஆல் வகுத்துப் பார்த்தால் ஒரு நீர்நிலைக்குச் சராசரியாக வினாடிக்குக் கால் கன அடிக்கும் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 7 லிட்டர்தான் வரும். ஒரு நல்ல கிணற்று மோட்டார் தள்ளும் நீர் அவ்வளவே. இவ்வளவு சிறிய பங்கில் மேல் குட்டைக்காரர் ஒரு பிடி கூடுதலாக எடுத்துக் கொண்டாலும் கடைக் குட்டை காய்ந்து போகும். வாய்க்கால் பாசனத்தில் மடைக்காரர் கண்ணால் பார்த்துப் பலகையை ஏற்றி இறக்கிப் பங்கிட்டார். தவறினால் ஊரார் கூடிக் கேட்டனர். மண்ணுக்குள் புதைந்த குழாயில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. திட்டம் தொடங்கிய பின் சில குட்டைகளுக்கு நீர் எட்டவில்லை என்ற முறையீடுகளும் எழுந்தன. ஆகையால் குழாய் முடிவில் உள்ள கருவி என்ன சொல்கிறது, அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

இத்தகைய அமைப்பில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது நீர் அளவி. காந்தப் புலத்தினூடே நீர் ஓடும்போது அதில் சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது. மைக்கேல் பாரடே 1832-ஆம் வருஷத்தில் இம்முறையால் லண்டன் தேம்ஸ் நதியின் ஓட்டத்தையே அளக்க முயன்று பலன் காணவில்லை. நதியில் பலிக்காதது குழாயில் நன்கு பலிக்கிறது. இவ்வகை அளவியில் சுழலும் சக்கரம் இல்லையாதலால் கலங்கல் நீரிலும் அடைபடாது. ஆனால் குழாய் நிறைந்து ஓட வேண்டும். பாதிக் குழாய் ஓடினால் கணக்குப் பிழையாகும்.

இரண்டாவது மின்சார வால்வு. மூன்றாவது, பி.எல்.ஸி. எனப்படும் சிறு கணக்கு யந்திரம். 1968-ஆம் வருஷத்தில் டிக் மார்லி என்பவர் அமெரிக்க மோட்டார் கார்த் தொழிற்சாலைகளின் பொருட்டு வகுத்த யந்திரத்தின் வழிவந்தது இது. அளவி கூறுவதைப் படித்து, குறித்த அளவு நிறைந்ததும் வால்வை மூடவும், செய்தியைத் தூரத்துக் கட்டுப்பாட்டு அறையிலுள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்பவும் இதனால் இயலும். வால்வு மெல்ல மூட வேண்டும். சட்டென்று மூடினால் ஓடி வந்த நீரின் உந்துதல் குழாயையே வெடிக்கச் செய்யும்.

அளவிக்கும் யந்திரத்திற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு கம்பிகள் மட்டுமே. அவற்றில் ஓடும் மின்சாரம் 4 மில்லி ஆம்பியர் என்றால் நீரோட்டம் இல்லை. 12 என்றால் பாதி. 20 என்றால் முழு ஓட்டம். இல்லை என்பதற்குப் பூஜ்யத்தை வையாமல் நாலை வைத்தது மிகுந்த யோசனையுள்ள செய்கை. பூஜ்யம் வந்தால் நீர் நின்றதாக அன்று, கம்பி அறுந்ததாகவே கொள்ள வேண்டும். குட்டையில் வண்டல் எடுக்க வரும் பொக்லைன் யந்திரமும் கரையோரம் ஓடும் டிராக்டர் கலப்பையும் இக்கம்பிக்குப் பெரும் பகை. கம்பி போகும் இடத்தில் கல் நட்டு வைத்தல் நலம்.

திருப்பூர்ப் பக்கத்தாருக்கு இக்கருவிகள் புதியன அல்ல. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டி 1992-ஆம் வருஷத்தில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதையும், 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் யாவரும் அறிவர். 2014-ஆம் வருஷத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கழிவுநீரைக் கருவிகளால் ஓயாது அளந்து தொலைவிலிருந்தே கண்காணிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டளையிட்டது.

கருவி கூறுவதைக் கரையிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். குட்டையின் ஆழமான இடத்தில் அங்குலக் குறியிட்ட அளவுகோல் ஒன்றை நட வேண்டும். இரண்டு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குட்டைக்கு மேற்சொன்ன சராசரிப் பங்கு இரவு பகலாக வந்தால், நாளொன்றுக்கு 20,000 கன அடிக்குச் சற்று மேல் சேர்ந்து, நீர் மட்டம் ஏறக்குறைய 3 அங்குலம் உயர வேண்டும். இதில் வெயிலில் ஆவியாவதும் நிலம் உறிஞ்சுவதும் கழியும். காய்ந்து வெடித்த குட்டையாயின் முதல் சில நாட்களில் மட்டம் ஏறாமலே இருக்கலாம். அது நஷ்டமன்று, கிணற்றுக்குப் போகும் நீரே. ஆனால் தரை நனைந்து ஊறிய பின்னும், கணக்கில் நீர் வந்ததாகக் காட்டிக் கோலில் அரை அங்குலமும் ஏறாவிட்டால், குழாய் நிறைந்து ஓடுகிறதா, இடையே எங்கேனும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நீர் விடும் நாட்களில் காலை, மாலை இரு வேளையும் கோலின் அளவையும் அளவியின் எண்ணையும் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து, கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பம் பெற்று வைத்தல் நன்று. நீர் வரவில்லை என்று வாயால் சொல்லும் மனுவைவிட, பத்து நாள் கணக்குடன் செல்லும் மனுவுக்குக் கட்டுப்பாட்டு அறையிலுள்ளவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுடைய கம்ப்யூட்டரிலும் அதே பத்து நாள் கணக்கு இருக்கும்.