விழியின் கதை – 17: கண் திறக்கும் முன்

விழித்திரையின் ஐந்து வகை நரம்புச் செல்களைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் பெங்களூருவின் கிட்ராப் திட்டம் என்று சொல்லியிருந்தேன். நரம்புச் செல்கள் சேதி அனுப்பச் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் குறுக்கே வந்து நிற்கிறது.

சுண்டெலிக் குட்டி பிறந்து கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை அதற்குக் காட்சி என்று எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் விழித்திரையில் ஒரு மின்துடிப்பு எழுந்து, நெல்வயலில் காற்று ஓடுவதுபோலப் பரவி அடங்குகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் சேர்ந்து துடிப்பதால், அவற்றின் நரம்பிழைகள் மூளையிலும் அக்கம்பக்கமாகவே இடம்பிடிக்கின்றன. இடக்கண் இழைகளும் வலக்கண் இழைகளும் பிரிந்து தத்தம் இடம் சேர்கின்றன. கார்லா ஷாட்ஸ், ரேச்சல் வாங், மார்லா ஃபெல்லர் போன்றோர் 1990களில் இந்த அலைகளைத் துலக்கிக் காட்டினார்கள்.

முதல் பத்து நாள் அலையை ஓட்டுவது ‘ஸ்டார்பர்ஸ்ட்’ அமக்ரைன் செல்கள் சுரக்கும் அசிட்டைல்கோலின், பிறகு குளுட்டமேட். அசிட்டைல்கோலின்தான் நம் தசைகளை அசைப்பதும். 1921இல் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தில் கண்டதும் அதையே. அந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்தது. பாதித் தூக்கத்தில் கிறுக்கிவைத்தார். விடிந்து பார்த்தால் தன் எழுத்தே புரியவில்லை. அடுத்த இரவும் அதே யோசனை வர, விடியக் காத்திராமல் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு.

ஆனால் என்னை முழுதாக ஆட்கொண்டது காபா என்ற இன்னொரு சேதிப்பொருள். வளர்ந்த விழித்திரையில் அதன் வேலை செல்லை அடக்குவது. இளம் செல்லிலோ குளோரைடு நிறைந்திருக்கும்; காபா செல்லின் கதவைத் திறந்ததும் குளோரைடு வெளியேற, செல் கிளர்ந்தெழுகிறது. குளோரைடை வெளியேற்றும் புரதம் பிற்பாடுதான் முழுவீச்சில் இயங்கத் தொடங்கும். அதன்பின் அதே காபா, அதே கதவு, ஆனால் குளோரைடு உள்ளே வருகிறது, செல் அடங்குகிறது. உயிரியலில் இதைவிட அழகான ஒன்றை நான் படித்ததில்லை.

மனிதக் குழந்தைக்கு விழித்திரை வேலையில் பெரும்பகுதி கருப்பையிலேயே முடியும். குறைமாதத்தில் பிறந்தால் விழித்திரையின் ஓரம்வரை இரத்தக் குழாய்கூட எட்டியிராது. பிறகு அக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்துவிடலாம். நாராயண நேத்ராலயாவின் டாக்டர் ஆனந்த் விநேகர் 2008இல் தொடங்கிய கிட்ராப், இத்தகைய குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களைக் கேமராவோடு மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அந்தக் கதையும் டோபமின் என்ற மற்றொரு சேதிப்பொருளும் அடுத்த வாரம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பென்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படியொரு குழந்தை இருந்தால், பரிசோதனை ஆயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள்.