பல்வலியும் கழுத்து வீக்கமும் – தம்பதியர் அறிய வேண்டியவை



தொரப்பள்ளி, ஓசூர் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களும் சரி, தோட்டம் துரவு பார்க்கிறவர்களும் சரி, பல்வலி வந்தால் கிராம்பு வைப்பார்கள், புகையிலை அடக்குவார்கள், மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். "பல்லுதானே, தானா சரியாப் போயிடும்" என்பார்கள். ஆனால் சிலருக்கு அந்தப் பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கி, ஓரிரு நாளில் மூச்சையே அடைத்துவிடும்.

சீழ் எப்படி இறங்குகிறது?

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேர், நாக்குக்கு அடியிலுள்ள தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பல் சொத்தையானால் சீழ் நேரே தாடைக்கு அடியில் பரவும். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். மூச்சு வழி குறுகும். 1836-இல் ஜெர்மனி மருத்துவர் லூத்விக் இந்நோயை விவரித்தார். ஆன்டிபயாடிக் மருந்து இல்லாத காலத்தில் இது கண்டவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்று நேரத்தோடு வந்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

டான்சில் பக்கத்திலும் சீழ் கட்டலாம். குழந்தைகளுக்குத் தொண்டையின் பின்புறம் கட்டலாம். மீன் முள் குத்திய இடத்திலும் சீழ் பிடிக்கும்.

பொன்னுக்கு வீங்கியா, சீழ்க்கட்டியா?

தாடை வீங்கினால் "பொன்னுக்கு வீங்கி" என்று சங்கிலியைப் போட்டுவிட்டு, மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் பிள்ளைகளுக்கு, காதை ஒட்டி வரும். கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை பொறுக்கக் கூடாது:

1. தாடைக்கு அடியில் பலகைபோல் கெட்டியான வீக்கம்
2. வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வடிதல்
3. நாக்கு தூக்கி நிற்றல், குரல் மாறுதல்
4. காய்ச்சலோடு கழுத்தைத் திருப்ப முடியாமை
5. படுத்தால் மூச்சுத் திணறல்

உடனே என்ன செய்வது?

108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளியை உட்கார்ந்தபடியே வைத்திருங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். சோறு, கஞ்சி எதுவும் கொடுக்காதீர்கள். வீக்கத்தைப் பிதுக்குவதோ, பிளேடால் கீறுவதோ ஆபத்து.

ஆஸ்பத்திரியில் முதலில் மூச்சு வழியைக் காப்பாற்றுவார்கள். ஸ்கேன் எடுத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள். சீழ் கட்டியிருந்தால் கீறி வடிப்பார்கள். கெட்ட பல்லைப் பிடுங்குவார்கள். மூச்சு அடைத்தால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க நேரிடும். அது உயிரைக் காக்கும் சிகிச்சை. பயந்து கையெழுத்துப் போட மறுக்காதீர்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்க

"மாசமா இருக்கும்போது பல் வைத்தியம் ஆகாது" என்று மாமியார் சொன்னாலும் கேட்க வேண்டாம். கர்ப்பகாலத்தில் பல் பிடுங்கலாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். வீக்கம், காய்ச்சல் இருந்தால் எந்த மாதமானாலும் உடனே காட்ட வேண்டும். கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள்

இவர்களுக்குச் சீழ் வேகமாகப் பரவும். 2021 ஆகஸ்ட் 5-இல் நம் மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டதுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. அந்தப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது கணவன், மனைவி இருவரும் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலி போகுமே என்கிறீர்களா?

தகுதியுள்ள இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு, டாக்டர் சான்றளித்த ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஒரு நாள் லீவு போட்டுச் சொத்தைப் பல்லைக் காட்டுவது, பல நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பதைவிட மேல்.

தினமும் இருவேளை பல் துலக்குங்கள். புகையிலையை விடுங்கள். அவருக்கு வலி என்றால் நீங்கள் கூட்டிப்போங்கள். உங்களுக்கு வலி என்றால் அவர் கூட்டிவரட்டும்.

சொத்தைப் பல்லை இன்றே காட்டுவோம்!
சொந்த உயிரை என்றும் காப்போம்!