பூட்டி வைத்த நாணயம் யாருக்குச் சொந்தம்?

கிரிப்டோ நாணயம் மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நாம் இங்கே பார்ப்பது வேறொரு கேள்வி: ஒருவர் வாங்கிய நாணயத்தை விற்கவோ அனுப்பவோ விடாமல் இன்னொருவர் முடக்கலாமா? ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, செல்போன் செயலி வழியாக இதில் பணம் போடும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே மாதிரி எழுதி வைக்கப்படும் கணக்குப் புத்தகம். அதில் உள்ள பிட்காயினைத் தனி நிறுவனம் எதுவும் முடக்க முடியாது. யுஎஸ்டிடி டோக்கன் அப்படியல்ல. அதை வெளியிடும் டெதர் நிறுவனம் விரும்பினால் ஒரு முகவரியில் உள்ளதை முடக்கலாம். வாங்கி விற்கும் தளத்திலேயே நாணயத்தை விட்டு வைத்தால், அதன் சாவி அந்தத் தளத்தின் கையில் இருக்கும்.

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்தியத் தளத்தில் இருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள எத்தீரியம் வகை டோக்கன்கள் திருடு போயின. உடனே தளம் பூட்டப்பட்டது. திருடன் மேலும் எடுக்காமல் தடுக்க அது தேவைதான். ஆனால், திருடு போகாத வேறு நாணயம் வைத்திருந்தவர்களும் ஓராண்டுக்கு மேல் அதை எடுக்க முடியவில்லை. நட்டத்தை எல்லோர் கணக்கிலும் பங்கு போடும் திட்டமும் வந்தது.

எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். கிரிப்டோ என்பது ரூபாய் போன்ற பணம் அல்ல; ஆயினும் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கது என்றார்.

இதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம். பத்துப் பேர் ஒருவரிடம் நகை கொடுத்து வைத்திருக்க, இருவர் நகை களவு போனால், மற்ற எட்டுப் பேர் நகையை உருக்கி ஈடுகட்டலாமா? கூடாது. களவுப் பொருளை முடக்குவது நியாயம். களவில் தொடர்பில்லாதவர் பொருளைக் காலவரையின்றிப் பூட்டுவது அநியாயம்.

ஆகவே, பணம் போடும் முன் கேளுங்கள்: சாவி யாரிடம் இருக்கும்? முடக்கும் அதிகாரம் யாருக்கு? தளம் மூடினால் எங்கே முறையிடுவது? லாபத்துக்கு 30 சதவீத வரியை 2022 முதல் அரசு வசூலிக்கிறது. அதனால் அரசு பொறுப்பேற்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது.

ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் கைமாறிப் போகும் முன் சொன்னால்தான் முடக்கவும் மீட்கவும் வழி உண்டு. குழந்தைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் சேர்த்த பணத்தை இதில் போடாதீர்கள்.