வானவீதியில் வாய்ச்சொல்

ஆகாய விமானத்தில் செல்லும் பயணியின் செவிக்கு எட்டாத உரையாடல் ஒன்று, விமானம் நகரும் முன்னரே தொடங்கி, அது இறங்கி நிற்கும் வரை நீடிக்கின்றது. விமானிக்கும் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளருக்கும் இடையே வானொலி வழியாக நிகழும் பேச்சு அது. நம் வீட்டுத் தொலைபேசியைப் போன்றதன்று இந்த வானொலி. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் செவிசாய்த்துக் காத்திருக்கும். இருவர் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்திவிட்டாலோ, குரல்கள் ஒன்றோடொன்று மோதி, கீச்சென்ற ஓசையே மற்றவர் காதில் விழும். இக்குறையும், தெளிவற்ற ஒரு சொற்றொடரும் சேர்ந்து 583 உயிர்களைப் பலிகொண்ட வரலாற்றை ஈண்டு நாம் சற்று விரிவாகக் காண்போம்.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயின் நாட்டுக்குரிய கனேரித் தீவுகளுள் ஒன்றான கிரான் கனேரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கு இறங்கவேண்டிய விமானங்கள் அண்டைத் தீவாகிய டெனெரீஃபின் லாஸ் ரோதியோஸ் நிலையத்திற்குத் திருப்பிவிடப்பட்டன. அவை பக்கப்பாதையை அடைத்துக்கொண்டு நின்றமையால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து செல்ல வேண்டியதாயிற்று. அந்நேரம் பார்த்து மூடுபனியும் இறங்கியது. கோபுரத்தில் இருந்தவருக்கு ஓடுபாதை தெரியவில்லை. தரையில் நகர்வனவற்றைக் காட்டும் ராடாரும் அங்கில்லை. கண்ணின் வேலையையும் காதே செய்ய வேண்டிய நிலை.

டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் 747 விமானம் ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றது. அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 747 அதே பாதையில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. எழும்பிய பின் எவ்வழியே செல்ல வேண்டும் என்னும் குறிப்பைக் கட்டுப்பாட்டாளர் டச்சு விமானத்திற்குக் கூறினார். அது புறப்படுவதற்கான அனுமதி அன்று. எனினும் ‘டேக் ஆஃப்’ என்னும் சொல் அதனுள் இருந்தது. துணை விமானி அக்குறிப்பைத் திருப்பிக் கூறி, முடிவில், “இப்பொழுது நாங்கள் டேக் ஆஃபில் இருக்கிறோம்” என்று பொருள்படும் ஆங்கிலத்தில் சொன்னார். புறப்படக் காத்திருக்கிறோம் என்பதா, புறப்பட்டு ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதா? கோபுரத்தார் முன்னதாகவே கொண்டார். “ஓகே” என்றார், சற்று விட்டு, “காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்றார். அப்பிற்பகுதியின் மீதே பான் ஆம் விமானியின் குரல் விழுந்தது: “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.” கீச்சென்ற ஓசைக்கு முன்னால் டச்சு விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” ஒன்றே.

அவ்விமானத்தின் பொறியாளருக்கு மட்டும் ஐயம் எழுந்தது. அடுத்து ஒலித்த பேச்சைக் கேட்டு, “அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா?” என்று வினவினார். தலைமை விமானியோ, பிறருக்குப் பயிற்சி அளிக்கும் மூத்தவர். விலகிவிட்டதென அழுத்தமாகக் கூறிவிட்டார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. டச்சு விமானத்தில் இருந்த 248 பேருள் ஒருவரும் தப்பவில்லை. மற்றதில் 61 பேரே பிழைத்தனர்.

நம் தமிழில் வழங்கும் ‘சரி’யைச் சற்று எண்ணிப் பாருங்கள். கேட்டேன் என்பதும் சரி, இசைகிறேன் என்பதும் சரி, போதும் நிறுத்து என்பதும் சரிதான்! வீட்டில் முகத்தைப் பார்த்துப் பொருள் கொள்கிறோம். வானொலியில் முகமேது?

இவ்விபத்துக்குப் பின் விதிகள் இறுகின. புறப்பட அனுமதி தரும்போதும் அதனைத் திரும்பப் பெறும்போதும் அன்றி ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லை எடுத்தாளலாகாது. மற்ற வேளைகளில் வேறு சொல். முதன்மையான கட்டளைகளை விமானி சொல்லுக்குச் சொல் திருப்பிக் கூறவேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைச் செவிமடுத்துப் பிழையிருப்பின் திருத்தவேண்டும்.

ஆயினும் சொல்லவேண்டிய சொல்லே வாயில் வராவிடில் விதி என் செய்யும்? 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியாங்கா விமானம் நியூயார்க்கை நெருங்கியது. வானிலை கெட்டிருந்தமையால் மொத்தம் 77 நிமிடங்கள் வானிலேயே சுற்றவைக்கப்பட்டது. முதல் முறை இறங்க முயன்று முடியாமற் போகவே, அவசரநிலை என்று தெரிவிக்குமாறு தலைமை விமானி ஸ்பானிய மொழியில் துணைவருக்குக் கட்டளையிட்டார். துணைவரோ ஆங்கிலத்தில், மீண்டும் முயல்வோம் என்று கூறி, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். ‘அவசரநிலை’ என்றோ, ‘மேடே’ என்றோ உரைக்கவில்லை. மும்முறை கூறப்படும் அபயக் குரலான ‘மேடே’, உதவுங்கள் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து பிறந்தது. அதைக் கேட்டிருந்தால் கட்டுப்பாட்டாளர் மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிட்டிருப்பார். எரிபொருள் வற்றி, விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. இருந்த 158 பேருள் 73 பேர் மாண்டனர். துணைவரின் அச்சமோ பணிவோ, நாம் அறியோம். மென்மையாகப் பேசினார் என்பது மட்டும் திண்ணம்.

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மடிந்தனர். 15,000 அடியில் நிற்கப் பணிக்கப்பட்ட கசகஸ்தான் விமானம் அதனினும் கீழிறங்கியதே காரணம். அவ்விமானத்தில் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேசியவர் ஒருவர், இயக்கியவர் மற்றொருவர்.

2003-இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு, ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஆறு படிகளை வகுத்தது. பன்னாட்டு வழிகளில் பணிபுரியும் விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் நான்காம் படியேனும் வேண்டும். மனப்பாடச் சொற்றொடர்கள் போதா. எதிர்பாராதது நேர்ந்தால் அதை விளக்கிச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இவ்விதிக்கு விலக்கல்லர். தம் ஊர்க் கொச்சையில் விரைந்து பேசி, அயலாரைத் திகைக்க வைப்போரும் அவருள் இருக்கின்றனர் அல்லவா!