விளையாட்டு மடிக்கணினியா, மேசைக்கணினியா? – தேவைக்கேற்ற கணினியைத் தெரிவுசெய்தல்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலேதான் பல வீடுகளில் கணினி வாங்கும் பேச்சு எழுகின்றது. பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாயினும் வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பும் பணமாயினும் அது ஒரு தடவைதான் கிடைக்கும். கடைக்குள் நுழைந்ததும் சாவிகள் பல நிறங்களில் ஒளிரும் "கேமிங் லப்டொப்" உங்கள் கண்ணில் படும். பக்கத்திலே, கண்ணாடிப் பெட்டிக்குள் விசிறிகள் சுழலும் மேசைக்கணினி நிற்கும். இவற்றுள் எதைத் தெரிவுசெய்வது? வன்பொருள் பற்றிப் பாடத்தில் நீங்கள் கற்றவை யாவும் ஒன்றாகத் தேவைப்படும் சந்தர்ப்பம் இதுவாகும்.

1. விளையாட்டுக் கணினி என்றால் என்ன?

கடிதம் தட்டச்சு செய்யும்போது திரையிலுள்ள படம் அதிகம் மாறுவதில்லை. முப்பரிமாண விளையாட்டிலோ முழுத்திரையும் ஒவ்வொரு கணமும் புதிதாக வரையப்பட வேண்டும். 1920 x 1080 அளவுள்ள திரையொன்றில் 2,073,600 புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 60 படங்கள் வரையப்படின் செக்கனொன்றில் நிறம் கணிக்கப்பட வேண்டிய புள்ளிகள் 12 கோடியைத் தாண்டும்.

இவ்வேலையை மத்திய செயற்பாட்டு அலகு தனியே செய்ய முடியாது. ஒரே வகையான சிறு கணிப்புகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்வதற்கென உருவாக்கப்பட்ட வரைவியல் செயற்பாட்டு அலகு அதற்குத் தேவை. அதனையும் அதற்குரிய நினைவகத்தையும் தாங்கிய பலகையே கடைகளில் "கிராபிக்ஸ் கார்ட்" எனப்படும் வரைவியல் அட்டை ஆகும். தனியான வரைவியல் அலகு உள்ள கணினியே உண்மையில் விளையாட்டுக் கணினி எனத் தக்கது. ஒளிரும் சாவிப்பலகை அந்தத் தகுதியைத் தராது.

2. பெயர் ஒன்று, வேகம் வேறு

மாணவர் பலர் ஏமாறும் இடம் இதுவே. மடிக்கணினியின் பெட்டியிலும் மேசைக்கணினியின் பெட்டியிலும் ஒரே வரைவியல் அட்டையின் பெயரும் எண்ணும் இருக்கலாம். எனினும் இரண்டும் ஒரே வேகத்தில் இயங்கும் என்று கொள்ள முடியாது.

2016 ஆம் ஆண்டுக்கு முன்னர் என்விடியா நிறுவனம் மடிக்கணினி வரைவியல் அலகுகளின் எண்ணுக்குப் பின்னால் "எம்" என்ற எழுத்தைச் சேர்த்தது. அவ்வாண்டு வெளிவந்த தொடரிலிருந்து அவ்வெழுத்து நீங்கியது. ஆகவே இன்று விவரக்குறிப்பை வாசித்தே வேறுபாட்டை அறிய வேண்டியுள்ளது. பின்வரும் இரு உதாரணங்களை நோக்குக.

உதாரணம் 1: மேசைக்கணினிக்குரிய ஆர்.ரி.எக்ஸ். 4090 அட்டையில் 16,384 கணிப்புக் கருக்களும் 24 கிகாபைற்று நினைவகமும் உள்ளன. அது 450 வாற்று வரை வலுவைப் பெறும். அதே எண்ணைக் கொண்ட மடிக்கணினி அலகில் 9,728 கருக்களும் 16 கிகாபைற்று நினைவகமும் மட்டுமே உள்ளன. அதன் அடிப்படை வலு எல்லை 150 வாற்று. இங்கு பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாகும்.

உதாரணம் 2: ஆர்.ரி.எக்ஸ். 4060 இன் இரு வகைகளிலும் 3,072 கருக்களும் 8 கிகாபைற்று நினைவகமும் உள்ளன. மேசைக்கணினி அட்டைக்கு 115 வாற்று ஒதுக்கப்பட்டுள்ளது. மடிக்கணினியிலோ, அதனைத் தயாரிக்கும் நிறுவனம் 35 முதல் 115 வாற்று வரை விரும்பிய எல்லையை வைக்கலாம். எனவே ஒரே பெயருடைய இரு மடிக்கணினிகளுக்கிடையிலும் வேகம் பெரிதும் வேறுபடலாம். மெல்லியது பெரும்பாலும் மெதுவானதாக இருக்கும்.

ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் வினா, "இதிலுள்ள வரைவியல் அலகுக்கு எத்தனை வாற்று?" என்பதாகும்.

3. வாற்றுக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு

கணினிக்குட் செல்லும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. 150 வாற்றுப் பெறும் மடிக்கணினி, 150 வாற்று வெப்பத்தை ஒரு கொப்பியளவு தடிப்புள்ள உடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். இதற்காக உள்ளே தட்டையான செப்புக் குழாய்களும் சிறு விசிறிகளும் வைக்கப்பட்டுள்ளன. மேசைக்கணினியின் பெட்டியிலோ பெரிய விசிறிகளுக்கும் காற்றோட்டத்துக்கும் தாராளமான இடம் உண்டு.

செயற்பாட்டு அலகின் வெப்பநிலை 95 – 100 பாகை செல்சியசை அண்மிக்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். வெப்பம் வெளியேறும் வீதம் பொருளுக்கும் சூழலுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டில் தங்கியுள்ளது என விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். குளிரூட்டி இல்லாத, 32 பாகை வெப்பமுள்ள அறையில் இவ்வேறுபாடு குறைகின்றது. எனவே குளிரான நாட்டிற் பரிசோதித்து வெளியிட்ட வேகம் உங்கள் வீட்டில் அப்படியே கிடைக்காமற் போகலாம்.

கவனிக்க: மடிக்கணினியை மெத்தையிலோ தலையணையிலோ வைத்து விளையாட வேண்டாம். காற்று உட்செல்லும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்திலேயே உள்ளன.

4. பற்றரியும் மின்வெட்டும்

மடிக்கணினியின் பெரும் அனுகூலம் பற்றரியாகும். ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைக் கணித்தறிதல் நன்று. விமானத்தில் பயணிகள் விசேட அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய பற்றரியின் எல்லை 100 வாற்று மணித்தியாலம் என்பதால், பெரிய மடிக்கணினிகளின் பற்றரியும் அதற்குச் சற்றுக் குறைவாகவே அமைக்கப்படுகின்றது.

கணிப்பு: 90 வாற்று மணித்தியாலப் பற்றரி

பாடம் படிக்கும்போது (15 வாற்று): 90 ÷ 15 = 6 மணித்தியாலம்
விளையாடும்போது (150 வாற்று): 90 ÷ 150 = 0.6 மணித்தியாலம் = 36 நிமிடம்

உண்மையில், மின்செருகியைக் கழற்றியவுடன் பல விளையாட்டு மடிக்கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அதுவும் விளையாட்டைப் பொறுத்தவரை சுவர்மின்னுக்குக் கட்டுப்பட்டதே. படிப்பைப் பொறுத்தவரையிலேயே அதன் பற்றரி கைகொடுக்கும். 2022 மார்ச் மாத இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாட்களில் மேசைக்கணினி வெறும் பெட்டியாகிவிடும்.

மேசைக்கணினிக்கு யூ.பி.எஸ். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 650 வோல்ற்று அம்பியர் எனக் குறிக்கப்பட்ட சிறிய யூ.பி.எஸ். பெரும்பாலும் 400 வாற்றுக்குக் குறைவாகவே தாங்கும். அதுவும் சில நிமிடங்களுக்கே. வேலையைச் சேமித்து முறையாக நிறுத்துவதற்கே அது உதவும்.

மின்கட்டணத்தையும் கணிக்க. நாளொன்றுக்கு 3 மணித்தியாலம் வீதம் 30 நாட்கள் விளையாடினால்:

மேசைக்கணினி, திரையுடன் (400 வாற்று): 0.4 x 3 x 30 = 36 அலகுகள்
மடிக்கணினி (180 வாற்று): 0.18 x 3 x 30 = 16.2 அலகுகள்

எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக உயர்வதால் மேலதிக அலகுகள் பட்டியலை அடுத்த படிக்குத் தள்ளக்கூடும்.

5. திருத்தலும் தரமுயர்த்தலும்

மேசைக்கணினியின் பாகங்கள் பொது நியமங்களுக்கு அமையச் செய்யப்படுகின்றன. தாய்ப்பலகையின் அளவையும் திருகாணித் துளைகளின் இடத்தையும் கூறும் ஏ.ரி.எக்ஸ். நியமத்தை 1995 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்டது. இன்றும் அது வழக்கிலுள்ளது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 பொருத்தியுடன் 2017 இல் வெளிவந்த பல தாய்ப்பலகைகள், பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்தபின், 2022 இல் வெளியான செயற்பாட்டு அலகுகளையும் ஏற்றன. வலு வழங்கி பழுதடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

மடிக்கணினியில் ராம் எனப்படும் முதன்மை நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பெரும்பாலும் மாற்றலாம். சிலவற்றில் நினைவகமும் பலகையுடன் ஒட்டப்பட்டிருக்கும். செயற்பாட்டு அலகும் வரைவியல் அலகும் தாய்ப்பலகையில் நிரந்தரமாக ஒட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று பழுதடைந்தால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரிடும். திரையோ சாவிப்பலகையோ உடைந்தால் அதே மாதிரிக்குரிய பாகத்தைத் தேட வேண்டும்.

இதிலிருந்து பயனுள்ள ஒரு வழி கிடைக்கின்றது. மேசைக்கணினியைக் கட்டங்கட்டமாக வாங்கலாம். ஒருங்கிணைந்த வரைவியல் வசதியுள்ள செயற்பாட்டு அலகுடன் இப்போது வாங்கி, வலு வழங்கியை மட்டும் சற்றுப் பெரிதாகத் தெரிவுசெய்தால், வரைவியல் அட்டையைப் பின்னர் சேர்க்கலாம். மடிக்கணினியில் அனைத்தையும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டும்.

6. ஒப்பீட்டு அட்டவணை

| காரணி | விளையாட்டு மடிக்கணினி | மேசைக்கணினி |
|---|---|---|
| ஒரே விலைக்கு வேகம் | குறைவு | அதிகம் |
| கொண்டுசெல்லல் | இலகு. பொருத்தியுடன் ஏறத்தாழ 3 கிலோகிராம் | கடினம் |
| மின்வெட்டின்போது | படிப்புக்கு உதவும் | யூ.பி.எஸ். உடன் சில நிமிடம் |
| மின் நுகர்வு | குறைவு | அதிகம் |
| தரமுயர்த்தல் | நினைவகம், சேமிப்பகம் | ஏறத்தாழ எல்லாப் பாகமும் |
| தனியே வாங்க வேண்டியவை | அதிகம் இல்லை | திரை, சாவிப்பலகை, சுட்டி, யூ.பி.எஸ்., இணையவழி வகுப்புக்குக் கமராவும் ஒலிவாங்கியும் |

விலையை ஒப்பிடும்போது கடைசி நிரையை மறக்க வேண்டாம். பெட்டியின் விலையை மட்டும் மடிக்கணினியின் விலையுடன் ஒப்பிடுதல் தவறாகும்.

7. மூவரின் தெரிவு

மாணவர் அ: உயர்தரத்தைச் சொந்த ஊரிலேயே கற்கப் போகின்றார். தம்பியும் தங்கையும் அதே கணினியைப் பயன்படுத்துவர். இவருக்கு மேசைக்கணினியே பொருத்தம். "பல்கலைக்கழகம் போகும்போது உதவும்" என்று இப்போதே விளையாட்டு மடிக்கணினி வாங்கினால், அவர் விடுதிக்குச் செல்லும் காலத்தில் அதன் பற்றரி தேய்ந்து, உத்தரவாதக் காலமும் முடிந்திருக்கும்.

மாணவர் ஆ: விடுதியில் தங்கிக் கற்று, வார இறுதியில் பேருந்தில் வீடு திரும்புகின்றார். முப்பரிமாண வடிவமைப்பிலும் ஆர்வமுண்டு. வலு எல்லையையும் நிறையையும் விசாரித்து விளையாட்டு மடிக்கணினியைத் தெரிவுசெய்யலாம்.

மாணவர் இ: இணையவழி வகுப்பு, ஒப்படை, இடையிடையே சிறு விளையாட்டு. இவருக்கு இரண்டுமே தேவையில்லை. சாதாரண கணினி போதும். மீதிப் பணம் வீட்டுக்கு உதவும். இவ்விடையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நீங்களே கண்டறிய வேண்டும்.

பாவித்த கணினி வாங்குவோர்க்கு: விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நிறைவுற்றது. இன்ரெல் அலகாயின் விண்டோஸ் 11 இற்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது தேவை. மலிவு என்று அதற்கு முந்தியதை வாங்க வேண்டாம்.

மாதிரி வினாவும் விடையும்

வினா: "இரு கணினிகளிலும் ஒரே எண்ணுள்ள வரைவியல் அலகு இருப்பதால் இரண்டும் ஒரே வேகமுடையவை." இக்கூற்றுச் சரியா? காரணங்கள் இரண்டு தருக.

விடை: தவறு. (1) பெயர் ஒன்றாயினும் கருக்களின் எண்ணிக்கையும் நினைவகமும் வேறுபடலாம். (2) வழங்கப்படும் வலுவும் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலும் வேறுபடுவதால், ஒரே அலகும் வேறு வேகங்களில் இயங்கலாம்.

நினைவிற் கொள்க

- முதலில் தேவை, அடுத்து மொத்தச் செலவு, அதன் பின்னரே கணினியின் பெயர்.
- பெயருடன் வாற்றையும் கேட்க.
- அடிக்கடி இடம் மாறுவோர்க்கு மடிக்கணினி. ஓரிடத்தில் இருப்போர்க்கு மேசைக்கணினி.
- உத்தரவாதக் காலத்தை எழுத்தில் பெறுக.

பயிற்சி

1. 60 வாற்று மணித்தியாலப் பற்றரி 12 வாற்றிலும் 120 வாற்றிலும் எவ்வளவு நேரம் நீடிக்கும்? (விடை: 5 மணித்தியாலம்; 30 நிமிடம்)
2. மேசைக்கணினியைக் கட்டங்கட்டமாக வாங்குவதன் அனுகூலம் ஒன்றையும் பிரதிகூலம் ஒன்றையும் எழுதுக.
3. உங்கள் வீட்டில் கணினியைப் பயன்படுத்துவோர் யார் யார், எந்நேரத்தில், எதற்காக என ஒரு பட்டியல் தயாரிக்க. அதனைக் கொண்டு உங்கள் வீட்டுக்குரிய கணினியைத் தெரிவுசெய்து, காரணங்களுடன் பெற்றோருக்கு விளக்குக.

மூன்றாம் பயிற்சியைக் கடைக்குச் செல்லுமுன் செய்து முடியுங்கள். பட்டியல் கையிலிருந்தால் கடையில் உங்களை எவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.