மஞ்சள் பூப் புதரும் எலியின் மூளையும்

கோத்தகிரியிலிருந்து உதகைப் பக்கம் போகிறீர்களா? உயரமான மேடுகளில் முள்ளும் மஞ்சள் பூவுமாக அடர்ந்த ஒரு புதர் இருக்கும். அதன் பெயர் கார்ஸ். ஆங்கிலேயர் கொண்டுவந்த செடி. இன்று நம் மலைப் புல்வெளிகளை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் பூ பட்டாணிப் பூ மாதிரியே இருக்கும். ஆமாம், அது பட்டாணிக் குடும்பம்தான். ஆனால் எதையும் பறித்து வாயில் வைத்துவிடாதீர்கள். அதில் சைட்டிசின் என்ற நஞ்சு இருக்கிறது.

இந்தச் சைட்டிசின், புகையிலையில் உள்ள நிகோடினைப் போலவே மூளையிடம் நடந்துகொள்ளும். பல்கேரியாவில் 1964 முதலே, லபர்னம் என்ற மரத்திலிருந்து இதைப் பிரித்து, புகைப்பதை நிறுத்த மாத்திரையாக விற்றார்கள். பிறகு வேதியியலாளர்கள் அதன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி வரெனிக்ளின் என்ற மருந்தைச் செய்தார்கள். 2006இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது.

மருந்து எப்படி வேலை செய்கிறது? நம் மூளைச் செல்களின் மேல் 'ஏற்பி' என்ற நுண்ணிய புரதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தண்ணீர்க் குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகோடின் வந்தால் குழாயை முழுக்கத் திறந்துவிடும். டோபமின் என்ற பொருள் கொட்டும், 'இன்னும் வேண்டும்' என்ற ஆசை பிறக்கும். வரெனிக்ளின் பாதிதான் திறக்கும். திறந்துவிட்டுக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொள்ளும்!

இதை எலிகளிடம் பார்த்தார்கள். மயிரிழை போன்ற மெல்லிய குழாயை எலியின் மூளைக்குள் வைத்து, அங்கே ஊறும் டோபமினை அளந்தார்கள். வரெனிக்ளின் மட்டும் கொடுத்தால் டோபமின் கூடியது, ஆனால் நிகோடின் அளவுக்கு இல்லை. நிகோடினையும் சேர்த்துக் கொடுத்தபோதோ, நிகோடின் தனியாக ஏற்றும் அளவுக்கு ஏறவே இல்லை. ஒரே மருந்து ஓரிடத்தில் ஏற்றுகிறது, இன்னோரிடத்தில் இறக்குகிறது. எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நாள்கணக்கில் நிகோடின் கொடுத்தால் உடம்பே மாறிவிடுகிறது. முதல்முறை நிகோடின் கொடுத்ததும் சுண்டெலியின் உடல் சூடு சட்டென்று இறங்கும். தினமும் கொடுத்துப் பழக்கினால் அவ்வளவு இறங்காது. எலியின் மூளையிலோ, பழகப் பழக ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. 1983லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் நிகோடினையே அறியாத எலியிடம் மட்டும் மருந்தைச் சோதித்தால் போதாது. அந்த மருந்து போய்ச் சேரப்போவது பல வருடம் புகைத்துப் பழகிய மூளைக்கு அல்லவா? பழகிய எலியிடமும் பார்த்தாக வேண்டும்.

எந்த வயதில் பழகியது என்பதும் முக்கியம். சின்ன வயதிலேயே நிகோடின் எடுக்கத் தொடங்கிய எலிகள், பெரிதான பிறகு தொடங்கிய எலிகளைவிட அதிகமாக எடுத்துக்கொண்டன. அவற்றில் பெண் எலிகள் வளர்ந்த பிறகும் குறைத்துக்கொள்ளவில்லை.