அச்சுப்பொறியும் கலையும்

கணிப்பொறி வழியாக அச்சிட்ட ஒளிப்படம் கலைப்பொருளாகுமா? இவ்வினாவிற்கு விடை காண்போம்.

1991-ஆம் ஆண்டில் இசைவாணர் கிரகாம் நாஷ், நண்பர் மேக் ஹோல்பர்ட்டுடன் கலிபோர்னியாவில் 'நாஷ் எடிஷன்ஸ்' என்னும் அச்சகத்தை நிறுவினார். வணிக அச்சகங்கள் மாதிரிப்படி எடுக்கக் கையாண்ட 'ஐரிஸ்' என்னும் மைத்தெளிப்புப் பொறியால், கலைத்தாளில் ஒளிப்படங்களை அச்சிட்டார். கலையுலகில் பலர் தயங்கினர். காரணம் உண்டு: அப்பொறியின் சாய மை வெளிச்சம் பட்டால் விரைவில் வெளிறிற்று. நிறம் இழக்கும் படத்தை எந்த அருங்காட்சியகம் விரும்பி வாங்கும்?

பின்னர் நுண்ணிய நிறமித் துகள்களாலான மை வந்தது. அது சாயத்தினும் நெடுங்காலம் ஒளியைத் தாங்கிற்று. தயக்கமும் தளர்ந்தது. 2005-இல் நாஷின் ஐரிஸ் பொறியே அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தது.

ஆசிரியனாகிய நான் இதில் காணும் பாடம் இது: புதியதை ஐயுறுதல் குற்றமன்று, தக்க விடை கிடைத்த பின்னும் ஐயுறுதலே குற்றம்.